இரண்டு அங்குலம்

ஒஸ்டின் கேம்பிரிட்ஜ். ஒன்று ஸ்ரீ 6604.
ஸ்ரியறிங்கில் இரண்டு அங்குலம் பிளே.
அந்த இரண்டு அங்குலத்துக்குள்
எதைச் செய்தாலும் கார் கண்டுகொள்ளாது.
வலப்பக்கம் திரும்புவதென்றால்
தபாற்கந்தோர் மதில் தெரியும்போதே தொடங்க வேண்டும்,
கடன் கேட்கப் போகிறவன்
படலைக்கு வெளியிலேயே சிரிக்கத் தொடங்குவதுபோல.

முப்பத்தொரு வருசம் அப்படித்தான் ஓட்டினேன்.
தம்பலகாமத்தில் எருமை எழும்பவில்லை,
கன்னியாவில் கன்று குறுக்கே கிடக்கிறது,
சாமம் இரண்டு மணிக்குப் படலையில் ஆள்.
இடது தோள்மூட்டு மாடுகளோடு போய்விட்டது.
மிச்சத்தை இந்தப் பெட்டி கேட்டது.

நிஸ்தார் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு சொன்னான்:
"டொக்டர், பெட்டிக்குள்ள ஒண்டும் மிச்சமில்ல.
கொழும்பிலயும் சாமான் இல்ல.
கந்தளாயில நிசான் மார்ச் ஒண்டு அடிபட்டுக் கிடக்கு.
அதுட றாக்க எடுத்துப் போடுவம்."
"பொருந்துமா?"
"பொருந்தாது. பொருத்தலாம்."

உட்துறைமுக வீதியில் அவனுடைய கராஜ்.
பதினொரு நாள்.
பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து
பிறகு ஆறு மில்லிமீற்றர் தகட்டில் பிரக்கற்.
இரண்டு பக்கத்துக் கம்பியையும்
செபஸ்தியின் லேத்தில் கொடுத்துக் குறுக்கினான்.
முன் ஸ்பிரிங்கைக் கழற்றி
ஜக்கால் சில்லை ஏற்றினான், இறக்கினான்,
ஒவ்வொரு முறையும் சுவரில் சோக்கால் ஒரு புள்ளி.
பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது
சில்லு தன்பாட்டில் முகத்தைத் திருப்பக் கூடாதாம்.
மனிசருக்கும் இப்படிப் புள்ளி வைத்துப் பார்க்கலாமே என்றேன்.
கிரைண்டர் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம்
கேற்றுக்கு வெளியே எடுத்து
வலப்பக்கம் வெட்டினேன்.
கார் இடப்பக்கம் போய்,
மீன்பெட்டி அடுக்கிய லான்ட்மாஸ்ரருக்கு
ஒரு சாண் முன்னால் நின்றது.
இடப்பக்கம் வெட்டினேன்.
வலம்.
வீதி முழுக்கச் சிரிப்பு.
நிஸ்தார் தலையில் கை வைத்து நிலத்தில் குந்திவிட்டான்:
மார்ச்சில் அச்சுக்குப் பின்னால் இருந்ததை
அப்படியே கொண்டுவந்து முன்னால் கட்டியிருக்கிறான்.
"பின்கால் முதல்ல வந்திருக்கு," என்றேன்.
"உள்ளுக்குத் தள்ளித் திருப்பிப் போடு."
அந்த வேலை எனக்குத் தெரியும்.

கவிழ்த்துக் கட்டி, இரண்டு யூ ஜொயின்ற் வைத்து,
இன்னும் நாலு நாள்.

இப்போது தொட்டால் திரும்புகிறது.
எனக்குத்தான் பழக்கமில்லை.
தபாற்கந்தோர் மதிலடியில் கை தானாக வெட்ட,
மதிலில் ஒட்டியிருந்த ரியூசன் நோட்டீசை
வாசிக்கிற தூரத்துக்குப் போய்விட்டேன்.

நிலாவெளி வீதி, நாலாம் கட்டை.
முன்பு அங்கே மணல்மூட்டை, தார்ப்பீப்பா.
முன்லைற்றை அணைத்து, உள்லைற்றைப் போட்டு,
கண்ணாடியை இறக்கி,
நடக்கிற வேகத்தில் போக வேண்டும்.
இரண்டு கையும் ஸ்ரியறிங்கின் மேல் தெரிய வேண்டும்.
டோர்ச் கையில் விழும், முகத்தில் விழும்,
பின்சீற்றில், கன்று இழுக்கும் கயிற்றில்
கொஞ்சம் கூடுதலாக விழும்.
கை நடுங்கும்.
கார் நேரே போகும்.

நேற்று அங்கே ஒன்றும் இல்லை,
குடைக்குக் கீழே தோடம்பழம் விற்கிற பெடியன் மட்டும்.
என்றாலும் கால் பிரேக்குக்குப் போனது.
பொனற்
இடம், வலம், இடம் என்று மெல்ல ஆடியது.
பெடியன் தோடம்பழத்தை விட்டு என்னைப் பார்த்தான்.
றாக்கில்தான் பிழை என்று நினைத்தேன்.
கையை எடுத்தேன்.
கார் நேரே போனது.

நிஸ்தாரிடம் இதைச் சொல்லவில்லை.
பழைய பெட்டியை இரும்புக்காரன் நிறுத்தான்:
ஏழரைக் கிலோ.
கிரீஸுக்கென்று கால் கிலோ கழித்துக்கொண்டான்.